வரைந்தவருக்கே உரிமை: வடிவமைப்புத் திருட்டு பற்றி வாசகர்கள் கேட்டவை

லோகோ, திருமண அழைப்பிதழ், ரவிக்கை வேலைப்பாடு, வீட்டு உள்ளலங்காரம் என்று வடிவமைப்பையே பிழைப்பாகக் கொண்ட வாசகர்களிடம், உங்கள் வேலையை வாடிக்கையாளரோ போட்டியாளரோ நகலெடுத்ததுண்டா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தபோது, சிங்கப்பூர்ச் சட்டம் தங்களுக்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பதை அறியாமலேயே பலர் ஒதுங்கிப் போயிருப்பது தெரிந்தது. சட்டம் தானாகவே கொடுத்த உரிமையை, படிக்காமல் கையொப்பமிட்ட ஒரு தாளில் தாங்களாகவே எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலரும் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விடுத்து, வசிக்கும் வட்டாரத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். நீதிமன்றம் வரை போகும் எண்ணம் உள்ளவர்கள், அறிவுசார் சொத்துரிமையில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் தங்கள் ஆவணங்களைக் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: முறுக்கு, மிக்சர் தயாரித்து விற்கும் ஒரு குடும்பத்தினர் லோகோவும் பொட்டல வடிவமைப்பும் கேட்டார்கள். மூன்று மாதிரிகள் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி, பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிச் சந்தையில் பார்த்தால், மயிலும் வாழையிலையும் வரைந்த என் இரண்டாவது மாதிரி நிறம் மட்டும் மாறி அவர்களுடைய பொட்டலத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, பணமும் வாங்கவில்லை. எனக்கு ஏதேனும் உரிமை உண்டா?
— யீஷூன் வாசகி

பதில்: உரிமை முழுவதும் உங்களுடையது. சிங்கப்பூரில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் முறையே கிடையாது. நீங்கள் வரைந்து முடித்தவுடன், அது காகிதத்தில் இருந்தாலும் கணினிக் கோப்பில் இருந்தாலும், உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கிறது. அந்த உரிமை இன்னொருவருக்குக் கைமாற வேண்டுமானால் நீங்கள் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். ஆகவே, ஒப்பந்தம் எழுதவில்லையே என்று நீங்கள் கலங்குவது இந்த ஒரு விஷயத்தில் தேவையில்லாதது. எழுத்து இல்லாததால்தான் உரிமை இன்னும் உங்களிடம் இருக்கிறது. பணம் கொடுத்து வேலை வாங்கிய வாடிக்கையாளர், தாம் கேட்ட நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தும் அனுமதி சொல்லாமலே தமக்குக் கிடைத்ததாக வாதிடலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளியும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டவர் அப்படி வாதிடுவது கடினம்.

நிறத்தை மாற்றியதால் அவர்கள் தப்பிவிட முடியாது. படைப்பின் கணிசமான பகுதி எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையே சட்டம் பார்க்கிறது. அந்தக் கணிப்பில் எடுத்த பகுதியின் அளவைப் போலவே அதன் தரமும் முக்கியம். "மயிலும் வாழையிலையும் போடச் சொன்னதே நாங்கள்தான்" என்று அவர்கள் பதில் சொல்லக்கூடும். எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மயிலின் கழுத்து வளைவு, இலையின் நரம்புகளை எழுத்தோடு இணைத்த விதம், மொத்த அமைப்பின் விகிதம் ஆகியவை உங்கள் கைவேலை. அவற்றின் உரிமை உங்களுக்கே உண்டு.

இனிச் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, அவர்களுடன் பேசுவதற்கு முன்பே ஆதாரம் சேர்ப்பது. அந்தப் பொட்டலம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ரசீதுடன் வையுங்கள். கடையில் அடுக்கியிருப்பதைப் படம் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். வெட்டியெடுத்த திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் நம்ப வேண்டாம். பென்சிலில் கிறுக்கிய முதல் ஓவியத்திலிருந்து தேதியுடன் கூடிய கோப்புகள் வரை, வேலை வளர்ந்த கதையை வரிசையாகக் காட்ட முடிந்தால், இதை வரைந்தது யார் என்ற கேள்வி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் கோபம் இருக்க வேண்டாம். எந்த நாளில் எந்த மாதிரியை அனுப்பினீர்கள், எந்த நாளில் எங்கே அதைக் கண்டீர்கள் என்று எழுதி, இரண்டு படங்களையும் அருகருகே இணைத்து, பயன்பாட்டை நிறுத்துங்கள் அல்லது இன்ன தொகைக்கு உரிமம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டால் போதும். அடிப்படையில்லாமல் வழக்கு மிரட்டல் விடுப்பவர் மீது எதிர்வழக்குத் தொடுக்க இங்குள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே, நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். கடை வாசலில் போய்க் கத்துவதும், முகநூலில் திருடர் என்று எழுதுவதும் உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும்.

அவர்கள் மறுத்தால் என்ன செய்வது? பதிப்புரிமை மீறலுக்கு வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. உண்மையான இழப்பைக் கணக்கிட்டுக் காட்டுவது கடினமாக இருந்தால், சட்டமே வகுத்த இழப்பீட்டைக் கேட்கலாம். ஒரு படைப்புக்கு அது 10,000 வெள்ளி வரை இருக்கலாம். 2022 ஏப்ரல் முதல் உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு எளிமையாக்கப்பட்ட ஒரு நடைமுறை இருக்கிறது. 500,000 வெள்ளிக்கு மிகாத கோரிக்கைகளுக்கு உரியது அது. அதில் விசாரணை நாள்களுக்கும், தோற்றவர் வென்றவருக்குக் கொடுக்க வேண்டிய செலவுத் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. என்றாலும், ஓராயிரம் இரண்டாயிரம் வெள்ளி மதிப்புள்ள ஒரு லோகோவுக்கு உயர் நீதிமன்றம் போவது கட்டுப்படியாகாது. எழுதிய கடிதம், அதன் பின் வழக்கறிஞர் வழியாக ஒரு கடிதம், தேவைப்பட்டால் சமரசம் என்ற வரிசையே இத்தகைய வேலைகளுக்குப் பொருந்தும். சட்டம் தரும் தொகையை அறிந்திருப்பது, சமரசப் பேச்சில் நீங்கள் தலைநிமிர்ந்து உட்கார உதவும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "தங்கச்சி", "தம்பி", "நம்ம ஆளுங்கதானே" என்ற உறவுச்சொற்களால் நம்மவர்களிடையே பேசியதை எழுத்தில் வைப்பது தடைப்படுகிறது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நாம் தயங்குகிறோம். அடுத்த முறை மாதிரிகளை அனுப்பும்போது, "இவை உங்கள் பார்வைக்கு மட்டும், முழுத்தொகை செலுத்தும் வரை இவற்றைப் பயன்படுத்தவோ பிறரிடம் கொடுக்கவோ அனுமதி இல்லை" என்ற ஒரு வாக்கியத்தை அதே வாட்ஸ்அப்பில் சேர்த்து விடுங்கள். அதனால் எந்த உறவும் முறியாது. 2020ஆம் ஆண்டில் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பின்படி, நம்பி ஒப்படைத்த இரகசியத் தகவல் பற்றிய வழக்குகளில், இரகசியத் தன்மையுள்ள தகவல் இரகசியம் என்ற கடமையோடு ஒப்படைக்கப்பட்டதை நீங்கள் காட்டிவிட்டால், தம் மனசாட்சி களங்கப்படவில்லை, அதாவது நேர்மை தவறவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு வரி அதற்கும் பயன்படும்.

கேள்வி: குழந்தைகள் நூல்களுக்கும் நிறுவன வெளியீடுகளுக்கும் படம் வரைகிறேன். ஒரு நிறுவனம் அனுப்பிய கொள்முதல் ஆணையின் பின்பக்கத்தில் "அனைத்து அறிவுசார் சொத்துரிமைகளும் நிறுவனத்தைச் சாரும்" என்று இருக்கிறது. மூலக்கோப்புகளையும் கேட்கிறார்கள். தொகையோ முன்பு பேசியதுதான். கையொப்பமிடலாமா?
— புக்கிட் பாஞ்சாங் வாசகர்

பதில்: இப்படியே கையொப்பமிட வேண்டாம். 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையாக இருந்தாலும் படைத்தவரே முதல் உரிமையாளர் என்பதைப் புகைப்படம், உருவப்படம், செதுக்குப்படம், ஒலிப்பதிவு, திரைப்படம் ஆகியவற்றுக்கும் விரிவாக்கியது. அதற்கு முன்பு இவற்றுக்கு வேலை கொடுத்தவரே உரிமையாளராக இருந்தார். அந்தத் தேதிக்கு முன் உருவானவற்றுக்குப் பழைய விதியே பொருந்தும். மற்ற ஓவியங்களிலும் வடிவமைப்புகளிலும் சுயதொழில் புரியும் கலைஞருக்கு அந்த உரிமை முன்பே இருந்தது. ஆனால் இவை யாவும் வேறு ஏற்பாடு இல்லாதபோது மட்டுமே பொருந்தும் விதிகள். கொள்முதல் ஆணையின் பின்பக்கத்துச் சிறிய எழுத்துதான் அந்த வேறு ஏற்பாடு. மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டு அனுப்புவதும் கையொப்பமாகக் கொள்ளப்படலாம் என்பதை மறக்க வேண்டாம்.

உரிமையை முழுவதும் எழுதிக் கொடுப்பது எப்போதும் தவறு என்று நான் நினைக்கவில்லை. லோகோ என்றால் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. ஒரு நிறுவனம் தன் சின்னத்தை வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பதிவு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு நிறுவனம் இருக்கும் வரை தொடரக்கூடியது. அதன் பதிப்புரிமை வேறொருவரிடம் கிடப்பது அவர்களுக்கு நிம்மதி தராது. ஆகவே விலையை அதற்கேற்ப உயர்த்தி, முழுத்தொகை வந்த பின் உரிமையை மாற்றிக் கொடுப்பது இரு தரப்புக்கும் நியாயமானது. புத்தக ஓவியம், பொட்டல ஓவியம், சுவரொட்டி ஆகியவை அப்படியல்ல. அவற்றுக்கு உரிமம் மட்டும் கொடுங்கள்: எந்த வெளியீட்டுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நாடுகளில், அச்சில் மட்டுமா இணையத்திலுமா என்று குறித்துக் கொடுங்கள். அதே ஓவியத்தைத் துணிப்பையிலும் குவளையிலும் அச்சிட்டு விற்க அவர்கள் விரும்பினால் மறுபடியும் உங்களிடம் வர வேண்டும்.

உங்கள் விலைப்புள்ளியிலேயே இதைப் போன்ற வாசகத்தைச் சேர்க்கலாம்: "இவ்வடிவமைப்பின் பதிப்புரிமை வடிவமைப்பாளரிடமே இருக்கும். மேலே குறிப்பிட்ட நோக்கத்துக்கும் காலத்துக்கும் மட்டும், முழுத்தொகை செலுத்தப்பட்ட நாளிலிருந்து, வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தும் உரிமம் வழங்கப்படுகிறது. ஏற்கப்படாத மாதிரிகளின் உரிமை எதுவும் வாடிக்கையாளருக்குச் சேராது. மூலக்கோப்புகள் இவ்விலையில் அடங்கா." கடைசி இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிட வேண்டாம். ஏற்காத மாதிரிகளை எடுத்துக்கொள்வதும், மூலக்கோப்பை வாங்கிக் குறைந்த விலைக்கு வேறொருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வதும் அடிக்கடி நடப்பவை. மூலக்கோப்பு உண்மையிலேயே தேவைப்படும் வாடிக்கையாளருக்குத் தனி விலை சொல்லுங்கள். அதில் உள்ள எழுத்துருக்களின் உரிமம் உங்கள் பெயரில் இருக்கும்; அவற்றைக் கோப்போடு சேர்த்துக் கொடுக்க உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம் என்பதையும் பாருங்கள்.

அதே 2021 சட்டம், படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் தந்திருக்கிறது. அதையும் எழுத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் வருகின்றன. படம் வரைபவருக்குப் பெயர்தான் அடுத்த வேலையைக் கொண்டுவருகிறது. தொகையில் சிறிது இறங்கினாலும் பெயரில் இறங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பெயர் பொறித்திருப்பதால் சட்டத்திலும் ஒரு பயன் இருக்கிறது: பிரதிகளில் யார் பெயர் படைப்பாளராக அச்சாகியிருக்கிறதோ அவரே படைப்பாளர் என்ற அனுமானத்திலிருந்துதான் வழக்கு தொடங்கும்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்கிறேன். முப்பரிமாணப் படங்களை இலவசமாக வரைந்து கொடுத்தால்தான் வாடிக்கையாளர்கள் பேசவே வருகிறார்கள். அதை வாங்கிக்கொண்டு ஜோகூர் பாருவில் உள்ள தச்சரிடம் பாதி விலைக்குச் செய்துகொள்கிறார்கள். என்ன செய்வது?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: படத்தைப் பார்த்து அதே அலமாரியைக் கட்டுவது, ஓவியத்தை முப்பரிமாணத்தில் நகலெடுப்பதாகக் கொள்ளப்படலாம், பதிப்புரிமை உங்கள் பக்கமே. எனினும் சாம்பல்நிறத் தரையும் மரப்பட்டிகளும் தொலைக்காட்சிச் சுவரும் இன்றைக்குப் பல வீடுகளில் இருப்பதால், இது எனக்கே உரிய அமைப்பு என்று நிறுவுவது உங்கள் துறையில் மற்றவர்களைவிடக் கடினம். ஆகவே நீங்கள் வழக்கை நம்ப வேண்டாம். வேலை செய்யும் வரிசையை மாற்றுங்கள்.

இலவசம் என்று கொடுப்பதை இலவசமாகவே மதிப்பார்கள். வடிவமைப்புக் கட்டணத்தைத் தனியாக வாங்குங்கள். புதுப்பிப்பு வேலையையும் உங்களிடமே கொடுத்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள். உண்மையில் வேலை தர நினைப்பவர் இதற்குத் தயங்கமாட்டார். கட்டணம் வரும் வரை படங்களை உங்கள் கையடக்கக் கணினியில் காட்டுங்கள், கோப்பாக அனுப்ப வேண்டாம். அப்படியும் அனுப்பத்தான் வேண்டுமென்றால் அளவுகள் இல்லாத, குறைந்த தெளிவுள்ள, உங்கள் பெயர் குறுக்கே ஓடும் படமாக இருக்கட்டும். அளவு குறித்த வரைபடமும் பொருள் பட்டியலும்தான் தச்சருக்குப் பயன்படுபவை; அவை இரண்டும் கட்டணத்துக்குப் பிறகே உங்கள் கையைவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: சிக்குக் கோலங்களை வைத்து நான் உருவாக்கிய பாணியில் இப்போது நான்கைந்து பேர் அழைப்பிதழ் செய்கிறார்கள். தடுக்க முடியுமா?
— பொத்தோங் பாசிர் வாசகி

பதில்: பாணியைத் தடுக்க முடியாது; தடுக்க முடியாமல் இருப்பது நல்லது என்றும் நான் நம்புகிறேன். சிக்குக் கோலம் நம் பாட்டிமார் வாசலில் இட்டது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள உங்களுக்கு இருந்த அதே உரிமை மற்றவர்களுக்கும் இருக்கிறது. அந்தக் கோலத்தின் மீது நீங்கள் செய்த குறிப்பிட்ட மாற்றம், அதனுடன் சேர்த்த உருவங்கள், எழுத்துகளை அமைத்த விதம் ஆகியவற்றை யாராவது அப்படியே எடுத்திருந்தால் மட்டும் எழுதுங்கள். அப்போது உங்கள் அழைப்பிதழையும் அவர்களுடையதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து, பொருந்தும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே ஆரி வேலைப்பாட்டு ரவிக்கைகள் செய்து இன்ஸ்டகிராமில் விற்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஒரு கடை என் வேலைப்பாடுகளைச் சென்னையில் கொடுத்து மொத்தமாகச் செய்து வாங்கி விற்கிறது. என் படங்களையே தங்கள் பக்கத்திலும் போட்டிருக்கிறார்கள். பதிப்புரிமை இருக்கிறதுதானே?
— செங்காங் வாசகி

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எளிதானதை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் எடுத்த புகைப்படத்தின் உரிமை உங்களுடையது. ரவிக்கையைப் பற்றிய வாதம் எதுவும் இல்லாமலே அந்தப் படங்களை நீக்கச் சொல்லி இன்ஸ்டகிராமின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் இன்றே எழுதலாம். உண்மையை மட்டும் எழுதுங்கள். இத்தகைய அறிவிப்பில் பொய் சொல்வது குற்றமாகும்.

ரவிக்கையின் வேலைப்பாடு சிக்கலானது, பலரும் ஏமாந்துபோகும் இடமும் அதுதான். ஓவியமாக இருக்கும்போது நீண்ட பாதுகாப்புடைய ஒரு வடிவமைப்பு, விற்பனைப் பொருள்களில் தொழில்முறையில் பயன்படுத்தப்படும்போது பதிப்புரிமையின் பாதுகாப்பைப் பெருமளவு இழந்துவிடுகிறது. 50க்கும் மேற்பட்ட பொருள்களில் இடம்பெற்றால் அது தொழில்முறைப் பயன்பாடாகக் கொள்ளப்படும். அதன் பின் அதே வடிவமைப்பில் பிறர் பொருள் செய்வதைத் தடுக்க, வடிவமைப்புப் பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். வாழ்த்து அட்டை, நாட்காட்டி, நூலின் மேலட்டை போன்ற அச்சுப் பொருள்கள் இந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைச் செய்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. துணி, நகை, அறைகலன், பாத்திரம் ஆகியவற்றைச் செய்பவர்கள் கவலைப்பட்டே ஆக வேண்டும்.

பதிவைச் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் இணையம் வழியாகச் செய்யலாம். முதலில் 5 ஆண்டுகள், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாக இருமுறை புதுப்பித்து மொத்தம் 15 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். வடிவமைப்பு புதியதாக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. நீங்களே இன்ஸ்டகிராமில் வெளியிட்டதும் வெளியீடுதான். ஆனால் 2017 அக்டோபர் 30 முதல், வடிவமைத்தவர் தாமே வெளியிட்டிருந்தால் அன்றிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை இருக்கிறது. அதே திருத்தத்தில்தான், பிறர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வடிவமைப்பிலும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வடிவமைத்தவரே உரிமையாளர் என்று மாற்றினார்கள். ஆகவே, நீங்கள் முதன்முதலில் எந்தப் படத்தை எந்த நாளில் வெளியிட்டீர்கள் என்று இன்றைக்கே பார்த்து, 12 மாதம் தாண்டாதவற்றில் எவை தொடர்ந்து விற்கின்றன என்று தேர்ந்தெடுங்கள். எல்லா ரவிக்கைகளையும் பதிவு செய்வது பணத்தை வீணாக்கும்; ஒரு பருவத்தோடு போய்விடும் வேலைப்பாட்டுக்குப் பதிவு தேவையில்லை. உங்கள் பெயரைச் சொன்னால் வாடிக்கையாளர் நினைத்துக்கொள்ளும் இரண்டு மூன்று வேலைப்பாடுகளுக்கு மட்டும் செய்யுங்கள். அலுவலகம் விண்ணப்பத்தின் முறைமைகளைத்தான் சரிபார்க்கிறது, வேலைப்பாடு உண்மையில் புதியதா என்று தேடிப் பார்ப்பதில்லை; ஆகவே பழைய கோயில் சேலைகளில் உள்ள அன்னத்தையும் மாங்காயையும் அப்படியே பதிவு செய்தால், கேள்வி எழும்போது அது நிற்காது.

செய்வது சென்னையில் என்பதால் இந்தியாவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ப் பதிவு அங்கே செல்லாது. இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் அங்கேயும் விண்ணப்பித்தால், இங்குள்ள தேதியையே முன்னுரிமைத் தேதியாக, அதாவது அங்கும் அன்றே விண்ணப்பித்ததாகக் கொள்ளும்படி, கோரலாம். இந்தியாவில் நமக்குள்ளது போன்ற பொதுவான 12 மாதச் சலுகை இல்லை; உலகில் எங்கே வெளியிட்டிருந்தாலும் புதுமை போய்விட்டதாகக் கொள்வார்கள். அங்குள்ள பதிப்புரிமைச் சட்டத்திலும் 50 என்ற எண்ணிக்கை இருக்கிறது: பதிவு செய்யக்கூடிய வடிவமைப்பைப் பதியாமல் 50 முறைக்கு மேல் இயந்திர முறையில் உற்பத்தி செய்தால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். இனிச் செய்யப்போகும் புதிய வேலைப்பாடுகளில் உங்களுக்கு நம்பிக்கை இருக்குமானால், முதலில் விண்ணப்பம், பிறகு இன்ஸ்டகிராம் என்ற வரிசையை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் கடைக்கு எதிராக இங்குள்ள பதிவே போதுமானது. பதிவு பெற்ற வடிவமைப்பில் செய்த பொருளை இறக்குமதி செய்து விற்பதும் மீறல்தான்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துவிட்டு ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நான் செய்தவற்றை என் படைப்புத் தொகுப்பில் காட்டலாமா?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஊழியராக, வேலையின் ஒரு பகுதியாகச் செய்தவற்றின் உரிமை, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே. ஆகவே கேட்டுவிட்டுக் காட்டுங்கள். வேலையில் இருக்கும்போதே, வெளியான பிறகு என் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாமா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டால் பெரும்பாலோர் சரி என்பார்கள். விலகும் நாளில் கேட்பது கடினம். இரவில் வீட்டில் உங்களுக்காக வரைபவை உங்களுடையவை. அவற்றுக்கு அலுவலகக் கணினியையோ அலுவலக மென்பொருள் கணக்கையோ பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: என் ஓவியங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, "இதே மாதிரி இன்னும் பத்து" என்று எடுத்துக்கொண்டதாக வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு சொல்கிறார். இது திருட்டு இல்லையா?
— ஜூரோங் வாசகி

பதில்: வெளிவந்த படங்களில் உங்கள் ஓவியத்தின் கணிசமான பகுதி அடையாளம் தெரியும்படி இருந்தால் அது நகல்தான், இடையில் செயலி ஒன்று வந்ததால் நகல் என்ற நிலை மாறாது. பாணி மட்டும் ஒத்திருந்தால் மேலே கோலத்துக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும். கணினி வழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளைப் படியெடுக்கும் விதிவிலக்கு ஒன்று 2021 சட்டத்தில் இருப்பது உண்மை; அதை ஒப்பந்தத்தால்கூட விலக்க முடியாது. ஆனால் ஓர் ஓவியத்தை உள்ளே கொடுத்து அதன் மறுவடிவத்தைப் பொட்டலத்தில் அச்சிடுவது பகுப்பாய்வு ஆகாது என்பது என் வாசிப்பு. வாடிக்கையாளருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது வேறொன்று. மனிதப் படைப்பாளர் இல்லாமல் பதிப்புரிமை இல்லை என்று 2011ஆம் ஆண்டிலேயே நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருக்கிறது. செயலி தந்த அந்தப் பத்துப் படங்களைப் போட்டியாளர் நாளை எடுத்துக்கொண்டால் உங்கள் வாடிக்கையாளர் எதைக் காட்டித் தடுப்பார்? கைவேலைக்குப் பணம் கொடுப்பது தம் தொழிலுக்கே பாதுகாப்பு என்று புரிந்துகொள்ளும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இனிவரும் உரிமங்களில், ஓவியத்தை உள்ளீடாகக் கொடுத்து மறுவடிவங்கள் உருவாக்க அனுமதி இல்லை என்று ஒரு வரி சேருங்கள்.

கேள்வி: உணவகம் ஒன்றின் பெயர்ப்பலகை, உணவுப் பட்டியல் எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன். எல்லாம் பயன்பாட்டில் இருக்கின்றன. 3,800 வெள்ளியில் 1,000 வெள்ளி மட்டுமே வந்தது. ஓராண்டுக்கு மேல் ஆகிறது. பதிப்புரிமை வழக்குப் போடலாமா?
— பிடோக் வாசகர்

பதில்: உங்களுக்கு வேண்டியது பாக்கிப் பணம், அதற்குப் பதிப்புரிமையைவிடக் குறுகிய வழி இருக்கிறது. சேவை ஒப்பந்தத்தில் வராத தொகையைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் கேட்கலாம். 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் அது விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர்கள் வாதிடுவதில்லை, நீங்களே பேசலாம். விண்ணப்பத்தை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும், விலைப்புள்ளி, ஒப்புதல் செய்தி, முதல் 1,000 வெள்ளி வந்த வங்கிக் கணக்கு, பெயர்ப்பலகையின் படம் ஆகியவை சேர்ந்து அதை நிறுவும். பதிப்புரிமை மீறலை அந்த மன்றம் விசாரிக்காது என்பதால் விண்ணப்பத்தில் அதைக் கலக்க வேண்டாம். செய்த வேலை, பேசிய விலை, வராத தொகை என்று மட்டும் எழுதுங்கள்.

அதற்கு முன் சமரசம் பேசிப் பார்க்க விரும்பினால், சுயதொழில் புரிவோரின் கட்டணத் தகராறுகளில் அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் ஆகியோரின் முத்தரப்பு அமைப்பான டிஏடிஎம் (TADM, தகராறுகளைத் தீர்க்க உதவும் அமைப்பு) சமரசப் பேச்சுக்கு உதவுகிறது. எதிர்த்தரப்பும் வரச் சம்மதிக்க வேண்டும். சுயதொழில் புரிவோருடன் ஒப்பந்தம் செய்வதற்கான முத்தரப்புத் தரநிலை 2018 மார்ச் மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. வேலை, தொகை, கொடுக்கும் நாள் ஆகியவற்றை எழுத்தில் குறிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. புதிய வாடிக்கையாளரிடம் எழுத்துக் கேட்கத் தயங்குபவர்கள் அந்தத் தரநிலையைக் காட்டியே கேட்கலாம்.

உங்கள் விஷயத்தில் காலம் முக்கியம். நடுவர் மன்றத்துக்குப் போக, கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் அவகாசம். ஓராண்டு போய்விட்டது என்கிறீர்கள். இந்த வாரமே பாக்கித் தொகையையும் கடைசித் தேதியையும் குறித்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். இரண்டு வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால், கெடு நெருங்கும் வரை காத்திராமல் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யுங்கள்.